ஹாஜியாரின் அமெரிக்கப் பாட்டனார்

ஊமைப்பட காலத்து அமெரிக்க நடிகர் ஒருவரை நான் அறிந்த அளவுக்கு அவருடைய மனைவிகூட அறிந்திருக்க மாட்டார். மனைவி அவரை நடமாடும்போது பார்த்திருப்பார். நான் நிறுத்தி வைத்துப் பார்த்தவள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, பல நாட்கள் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் அவருடைய கலை முழுவதும் மூன்று காரியங்கள் என்று தெரிந்தது. கண்ணை விரிப்பது. கைகளை மார்பின்மேல் கட்டிக்கொள்வது. ஒட்டுத்தாடியைத் தடவுவது. கோபம் வந்தால் முதல் இரண்டு. காதல் வந்தால் முதலாவதும் மூன்றாவதும். சதி செய்யும்போது மூன்றும். நான்காவதாக ஏதாவது உண்டா என்று தேடினேன், இல்லை.

இந்த மனிதர் எனக்கு மாமனார் வழி உறவாகிவிடும் அளவுக்கு வந்துவிட்டார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

யாங்கோனில் வீசீடி தட்டுகள் நடைபாதையெல்லாம் விற்ற காலம் அது. பபேடான் பேட்டையில், கீழே பரோட்டா கடை இருந்த கட்டடத்தின் மாடியில் வாப்பா வீடியோ கடை வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது அவர் வேலை. மற்றதெல்லாம் என் வேலை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, வெட்டுவது, ஒட்டுவது, மாப்பிள்ளை கொட்டாவி விடும் இடத்தை எடுத்துவிடுவது, தட்டில் எழுதுவது. அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளமோ முடித்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரை உதிரிகளாக வாங்கிச் சேர்த்தவள் நான்தான். எங்கள் வீட்டில் அதற்கு 'மெஷின்' என்று பெயர்.

எங்கள் தெருவிலேயே பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கும் பெரிய கடை ஹாஜியாருடையது. பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் ஒரு வீசீடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மாடியேறி வந்தார். பின்னாலேயே அவருடைய இரண்டாவது மகன், தகப்பனாரின் குடையைப் பிடித்துக்கொண்டு.

"மவளே, இதப் போடு. சத்தத்த மூடிட்டுப் போடு."

"சத்தம் ஏன் மாமா வேணாம்?"

"ஊமைப் படத்துக்கு எதுக்குச் சத்தம்? கரண்டுக்குத்தான் கேடு."

சத்தத்தை மூடிப் போட்டேன். ஒரே நடிகரின் பழைய அமெரிக்கப் படங்களைத் தொகுத்த தட்டு. தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர் தோன்றிக் கண்ணை விரித்தார்.

"நிப்பாட்டு! அந்த மூக்கப் பாரு. இப்ப என் மூக்கப் பாரு."

இரண்டையும் பார்த்தேன். இரண்டும் மூக்குதான். அதற்குமேல் ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை.

"எங்க பாட்டனாருக்குத் தம்பி. வெள்ளக்காரன் காலத்துல வீட்ல சண்ட போட்டுட்டு, இங்க ரங்கோன் தொறையிலதான் கப்பலேறினாரு. சமையல்காரனுக்குக் கையாள் வேல. அமெரிக்கா வரைக்கும் போயிட்டாருன்னு தாக்கல் வந்துச்சு. அதுக்குப் பொறவு ஆளக் காணோம். இப்பப் பாரு, அமெரிக்காப் படத்துல தலப்பா கட்டிக்கிட்டு ஒருத்தரு நிக்கிறாரு. வேற யாரா இருக்க முடியும்?"

டிப்ளமோவில் எங்களுக்குத் தர்க்கச் சுற்றுகள் என்று ஒரு பாடம் உண்டு. இப்படி ஒரு சுற்றை வரைந்து கொடுத்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். ஆனால் பூட்டுக் கடைக்காரருக்கு யார் பரீட்சை வைப்பது? தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே நம்பிவிட்டார்கள். மீதிப் பேர் அவரிடம் வேலை பார்ப்பவர்கள்.

மகளின் கல்யாண வீடியோ குடும்ப வரலாற்றோடு தொடங்க வேண்டும், அதில் பாட்டனாரின் நடிப்புக் காட்சிகள் வர வேண்டும் என்றார். இசை கூடாது, மார்க்கத்துக்கு ஆகாது என்று இரண்டு முறை சொன்னார்.

இதற்கெல்லாம் முன்பிருந்தே என் உம்மாவுக்கும் ஹாஜியாரின் மனைவிக்கும் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். உம்மா அவருடைய தகுதிகளை விரல்விட்டு எண்ணுவார்: சொந்தக் கடை, கூப்பிடு தூரத்தில் வீடு, வெற்றிலை போடாத பல். எனக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். அந்த வீட்டு மருமகள்கள் வேலைக்குப் படியிறங்குவதில்லை. மூத்த மருமகள் கல்யாணத்துக்கு முன் டீச்சர். இப்போது அவர் எதிர்வீட்டு மாடியிலிருந்து தெருவை மட்டும் பார்க்கிறார். நான் மெஷினை விட்டுவிட்டுத் தெருவைப் பார்ப்பதாக இல்லை.

காட்சிகளைத் தேர்ந்தெடுக்க அந்த மகனையே அனுப்பினார் ஹாஜியார். டியூஷன் போய் இங்கிலீஷ் படித்தவர். கடை மூடிய பிறகு வருவார். வாசலருகே வாப்பா கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளே நாங்கள் பாட்டனாரைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதைச் சொன்னாலும் அவர் "யபாதே" என்பார். ஆகட்டும், பரவாயில்லை என்பதற்குப் பர்மியர்கள் சொல்வது. நாற்காலி ஆடுகிறது என்றாலும் யபாதே, கரண்டு போய்விட்டது என்றாலும் யபாதே. அப்போது அது எனக்கு நல்ல குணமாகப் பட்டது.

முதல் நாளே சத்தத்தைத் திறந்து வைத்தேன். திறந்தவுடன் ஒரு கிழவர் இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். படம் ஊமைதான். ஆனால் தட்டைத் தயாரித்தவர்கள் படத்தின்மேல் நடிகரின் வாழ்க்கைக் கதையைப் பேசிப் பதிவு செய்திருந்தார்கள். ஹாஜியார் ஒருநாளும் சத்தத்தைத் திறக்காததால் அது அவருக்குத் தெரியவே தெரியாது.

கிழவர் சொன்ன கதை இது. நடிகர் பிறந்தது அமெரிக்காவின் நடுவில், கடலைக் கண்ணால் காணாத ஊரில். தகப்பனார் மக்காச்சோள விவசாயி. முதல் வேலை, ஊர் ஊராகத் தைலம் விற்கும் வண்டியில். மூட்டுவலிக்காரராக நொண்டிக்கொண்டு வந்து, தைலம் தடவியதும் துள்ளிக் குதிக்க வேண்டும். அந்த நேர்மையான தொழிலிலிருந்து சினிமாவுக்கு வந்தார். குதிரையிலிருந்து விழத் தெரியும் என்பதால் செவ்விந்தியராக விழுந்தார். நிறைய விழுந்த பிறகு பதவி உயர்வு கிடைத்தது, சீன வில்லன். பிறகு அரபு ஷேக், துருக்கி சுல்தான், எகிப்துப் பூசாரி, கடைசியில் இந்திய இளவரசர். உலகத்தில் பாதியை அவர் நடித்துவிட்டார். பாதி உலகத்துக்கும் ஒரே தாடி. பத்திரிகைக்காரர்களிடம் கீழை நாடுகளின் ஞானத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாராம். கப்பலில் கால் வைத்ததே இல்லையாம், வாந்தி வருமாம். பிறகு பேசும் படம் வந்தது. இந்திய இளவரசர் வாயைத் திறந்தார். மூக்கிலிருந்து சோளக்காட்டு இங்கிலீஷ் வந்தது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு நடிப்பு முடிந்து கோழிப் பண்ணை வைத்தார்.

கிழவர் இதையெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு மரியாதை வரவில்லை. எங்கள் தெருவில் குஜராத்தி வியாபாரியும் சீன பேக்கரிக்காரரும் ஒருவரையொருவர் நடித்துக் காட்டுவார்கள், தெருவே சிரிக்கும். அவர்கள் யாரும் அந்த நடிகரைப்போல் அதை வைத்துப் பெரிய கார் வாங்கவில்லை.

இந்திய இளவரசர் படம்தான் ஹாஜியாருக்கு உயிர். அதில் முஸ்லிம் இளவரசர் எட்டுக் கை உள்ள சிலையின் முன் நெற்றி தரையில் பட விழுவார். எழுந்து அதே சிலைக்கு சலாம் வைப்பார்.

"எங்க பாட்டனார் சிலைக்கு சுஜூது செய்றாரு," என்றார் மகன். "வெள்ளிக்கிழம கமிட்டியில வச்சு விசாரிச்சிரலாமா?"

வாசலில் வாப்பா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். பள்ளிவாசல் கமிட்டிக்காரரின் மகன் இப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் அவர் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே மெஷினைப் போட்டு வைத்திருந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்று எழுதிவிடுவதே சுருக்கம்.

சில நாள் கழித்து இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். இளவரசர் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தும்போது சட்டைக் கை சரிந்து கீழே இறங்குகிறது. மணிக்கட்டு வரை கரிய நிறம். அதற்குமேல் முன்கை மாவு போல வெள்ளை. காதுக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைப் பட்டை. சாதாரணமாக ஓட்டினால் கண்ணில் படாது. ஆனால் காலையில் முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் பூச்சு எங்கே நிற்கும் என்று தெரியும். தாடைக்குக் கீழேயும் காதுக்குப் பின்னாலும்தான் கை சோம்பல்படும். அமெரிக்காவிலும் அங்கேயேதான் சோம்பல்பட்டிருக்கிறது.

மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பெயின்ட்!" என்றார். "முழுக் கைக்கும் அடிக்கல பாருங்க. மிச்சம் புடிச்சிருக்கானுங்க."

"இத உங்க வாப்பாட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன். யபாதே."

அப்போது நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசினேன். "உங்க வாப்பாட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, இந்த ஆளு உங்க ஆளு இல்ல. ரெண்டு, கல்யாணத்துக்குப் பொறவும் நான் இங்க வேலைக்கு வருவேன். ரெண்டையும் சொல்லிட்டா நான் உம்மாட்ட சரின்னு சொல்லிருவேன்."

அவர் காது சிவந்தது. "சொல்றேன். சின்னத மொதல்ல சொல்றேன்."

"எது சின்னது?"

யோசித்தார். "மவுத்தாப் போனவரு."

சரியான வரிசை என்று நினைத்தேன். இறந்துபோன ஒரு அந்நியரைப் பற்றி உண்மை சொல்வதுதான் உலகத்திலேயே லேசான காரியம். அதைச் செய்ய முடிந்த ஒருவரால் உயிரோடு இருக்கும் மனைவியைப் பற்றியும் சொல்ல முடியும். இதை ஒரு சோதனை என்று நான் நினைக்கவில்லை. இயந்திரத்தை முழுசாக ஓட்டுவதற்கு முன் சின்ன பல்பு ஒன்றை மாட்டிப் பார்ப்போமே, அதுபோலத்தான்.

ஒவ்வொரு நாளும் கேட்டேன். அவர் வாப்பாவுக்கு சளி, சொல்லவில்லை. சரக்கு வந்தது, சொல்லவில்லை. கடைசியில், "நாம எடுத்து வச்ச காட்சியப் பாக்க எங்க வீட்ல எல்லாரும் ஒருநாள் வருவாங்கல்ல, படம் ஓடும்போதே சொல்லிர்றேன், அதுதான் சுலபம்," என்றார். அது உண்மையில் சுலபம்தான். தட்டே பேசிவிடும், இவர் தமிழில் சொன்னால் போதும்.

உம்மா அதே நாளைத்தான் என் பதிலுக்குக் கெடுவாக வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் முறை வைத்து வரும். அன்று மதியத்துக்குப் பின் எங்கள் முறை. ஹாஜியார், அவர் மனைவி, மகன் மூவரும் வந்தார்கள். ஹாஜியாரின் மனைவியை நான் மாமி என்பேன். உம்மா பாலூடாவும் சமோசாவும் வைத்தார். தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தியதும், கரண்டு வந்துவிட்டதென்று மெஷினைப் போட்டேன். சத்தத்தை நன்றாகவே திறந்து வைத்தேன்.

கிழவர் பேசத் தொடங்கினார். ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னடா இது, ஊமைப் படம் பேசுது? என்னா சொல்றான்?"

எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரிய குடும்பத்துல பொறந்தவரு, சின்ன வயசுலயே கப்பலேறி வந்துட்டாருன்னு சொல்றான், வாப்பா."

கிழவர் அந்த நேரத்தில் மக்காச்சோளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுபஹானல்லா," என்றார் மாமி.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். முதலில் பயம் வரும், பிறகு தைரியம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையில் நடிகர் குதிரையிலிருந்து விழுந்தார். மகன், "குதிர ஏத்தத்துல கெட்டிக்காரருன்னு சொல்றான்," என்றார். நடிகர் தைலம் தடவிக் குதித்த கதை வந்தது. "வைத்தியமும் தெரிஞ்சவராம்," என்றார். நடிப்பில் அவர் பாட்டனாரைவிடத் தேறியவர். கண்ணைக்கூட விரிக்கவில்லை.

"அப்டிச் சொல்லல மாமா," என்றேன். "அமெரிக்காவுலயே பொறந்தவரு, சோளம் போடுற விவசாயி மகன்னு சொல்றான்."

உம்மா என் முழங்கையைக் கிள்ளினார். ஹாஜியார் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் சிரித்தார்.

"பேர மாத்துனவன் ஊர மாத்த மாட்டானா, மவளே? கப்பல்லேந்து குதிச்சு ஓடுனவன். நெசத்தச் சொன்னா வெள்ளக்காரன் புடிச்சுத் திருப்பி அனுப்பிருவான்ல?"

அப்படியானால் இதையும் பாருங்கள் என்று கை உயர்த்தும் இடத்தில் நிறுத்தினேன். பெரிதாக்கினேன். மணிக்கட்டு வரை பூசியிருப்பதையும், மேலே நிஜத் தோல் தெரிவதையும், காதுக்குப் பின்னால் விட்டுப்போனதையும் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இவரு வெள்ளக்காரரு, மாமா. கருப்பு சாயம் பூசிக்கிட்டு நடிச்சிருக்காரு."

என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "யா அல்லா! எவ்ளோ வெளுப்பு!"

ஹாஜியார் எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியாடி! நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல! எங்க மூத்தாக்களெல்லாம் அந்த நெறந்தான். எம் மேல வெயில் பட்டுருச்சு, கடக்காரன். அவரு அவ்ளோ வெளுப்பா இருக்கப் போயித்தான் கருப்பு பூசி இந்தியாக்காரனாக் காட்ட வேண்டியதாப் போச்சு. கப்பலேறிப் போயும் அந்தச் செகப்பு போவல பாரு!"

நாற்பது வருடம் பூட்டு விற்றவருக்கு எந்தக் கதவும் மூடியதாகத் தெரியாது போலிருக்கிறது.

மாமி உம்மாவின் தொடையில் அன்பாகத் தட்டினார். "ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன லாத்தா, ஒங்க பொண்ணு நெறத்த நெனச்சு நான் கொஞ்சம் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே கவலயில்ல. பேரப்புள்ளைங்க அந்தப் பாட்டனார் நெறத்துல வந்துரும்."

உம்மா சிரித்தார். வாப்பா சமோசாத் தட்டைப் பார்த்தார். நான் மகனைப் பார்த்தேன். அவர் சட்டைக் கையை லேசாக மேலே இழுத்து விட்டுக்கொண்டு, தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்தப் பெருசாப் போடு, மவளே," என்றார் ஹாஜியார். "மூஞ்சிய விடக் கையப் பெருசாக் காட்டு. மண்டபத்துல கடேசி வரிசைல உள்ளவனுக்கும் தெரியணும்."

அவர்கள் இறங்கிப் போன பிறகு, குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி மகன் திரும்பி வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் நின்றோம். கீழே பரோட்டாவை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோவமா?"

"இல்ல."

"அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு. எப்டிங்க சொல்றது?"

"நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன், ரெண்டு வாரமா."

"ரெண்டாவது விஷயத்தக் கட்டாயம் சொல்லிருவேன். அல்லாமேல ஆணையா."

"சொல்வீங்க. நான் வேலைக்குப் போகணும்னு சொன்னா, வீட்லயே இருக்க ஆசப்படறான்னு மொழிபெயர்த்துச் சொல்வீங்க."

"ஒரு மவுத்தாப் போன நடிகனுக்காகவா இப்டி?"

"அவரு மேல எனக்கொண்ணும் இல்லீங்க. அவருக்குச் சம்பளம் குடுத்தாங்க, சாயம் பூசிக்கிட்டாரு. ஒங்களுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல."

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு பொய்யில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அறைக்குள் மட்டும்தான் வரும், மூன்றாவது ஆள் வந்தால் நின்றுவிடும் என்று தெரிந்துபோயிற்று. அதை வைத்துக்கொண்டு முப்பது நாற்பது வருடம் ஓட்ட முடியாது.

மாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னபோது அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தார். சொந்தக் கடை, கூப்பிடு தூரம், வெற்றிலை போடாத பல், எல்லாம் மறுபடியும் வந்தன. வாப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அவ மெஷின அவதான் ஓட்டணும்." உம்மா அவர் பக்கம் திரும்பி இன்னொரு சுற்று பேசினார். கடைசியில் களைத்து உட்கார்ந்தார்.

"நான் என்னத்தடி போய்ச் சொல்றது? ஒங்க பாட்டனார் பொய்யின்னா?"

"வேணாம் உம்மா. பொண்ணு நெறம் பத்தாது, ஒங்க வம்சத்துக்கு ஒத்துவராதுன்னு சொல்லிருங்க."

கரண்டி என் பக்கம் பறந்து வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உம்மா மறுநாள் தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு போய் அதையேதான் சொன்னாராம்.

மாமி கண் கலங்கிவிட்டாராம். உம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மத்தவங்கன்னா பவுடரப் போட்டு மறச்சுருப்பாங்க, லாத்தா. ஒங்களப் போல நேர்மையான ஆளுங்கள நான் பாத்ததேயில்ல," என்றாராம். ஹாஜியார் பெரிய மனிதராகத் தலையசைத்து, கல்யாண வீடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை நானே முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம்.

உம்மா இதையெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார். சொல்லி முடித்ததும், "பைத்தியக்காரக் கூட்டம்," என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கரண்டு இருந்தது. நான் மெஷினைப் போட்டு, அந்தக் கையைப் பெரிதாக்கும் வேலையில் உட்கார்ந்தேன்.